க்யூப் திருப்பக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு தொடர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் சென்ற ஞாயிற்றுக்கிழமை ரூபிக் கனசதுரம் குறித்து வெளிவந்த அரைப்பக்கக் குறிப்பைப் படித்தேன். கலைந்து கிடக்கும் ஆறு நிறங்களையும் ஆறு முகங்களில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஏழு சூத்திரங்களை, அதாவது எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்ற குறிப்புகளை, மனப்பாடம் செய்தால் போதும் என்று எழுதி, அந்த ஏழையும் ஆங்கில எழுத்துகளில் அச்சிட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைச் சற்று நேரம் இறக்கிவைக்க வேண்டும் என்ற தங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் இரண்டு நாள் மல்லுக்கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், சிலவற்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தங்கச்சிமடத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலமும், பள்ளிக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. பிள்ளைகளை எங்கும் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அப்படிப்பட்ட ஒரு தடைக்காலத்தில்தான், ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்குகளுக்கும் பாசிமணிகளுக்கும் நடுவே அடுக்கி வைத்திருக்கும் மலிவு விலைக் க்யூப் ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் கனசதுரம் என்று சொல்வதில்லை, க்யூப் என்றுதான் சொல்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன். அதை நான் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது 63.

கற்றுக்கொண்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேனே தவிர, முதல் இரண்டு வாரங்களில் நான் செய்ததெல்லாம் ஒரு முகத்தை வெள்ளையாக்கிவிட்டு, மற்ற முகங்களைப் பார்த்து மலைத்து, மறுபடியும் கலைத்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் தானாகச் சேர்ந்துவிடாதா என்ற ஆசையும் இருந்தது. மூன்றடுக்குக் க்யூபுக்கு இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 4.3 லட்சம் கோடி கோடி. நொடிக்கு ஒரு நிலை வீதம் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே போனாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த ஆசையை விட்டேன். இதை உருவாக்கிய ஹங்கேரி நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக், 1974-இல் புடாபெஸ்ட் நகரில் தம் கையாலேயே செய்த முதல் க்யூபைக் கலைத்துவிட்டு, அதைத் திரும்பச் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேல் திண்டாடினார். செய்தவருக்கே அந்தக் கதி என்றால் என் இரண்டு வாரம் பெரிதில்லை.

எனக்கு வழி பிடிபட்டது தபால் பிரித்த பழக்கத்தால். க்யூபின் மேல் 54 நிறச் சதுரங்கள் தெரிகின்றன. புதிதாகக் கையில் எடுப்பவர் யாரும் அந்தச் சதுரங்களைத்தான் பார்ப்பார். ஆனால் அவை தனித்தனியாக நகர்வதில்லை. வெளியே தெரியும் கட்டைகள் 26 மட்டுமே. அவற்றில் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருக்கும் 6 நடுக்கட்டைகள் இருந்த இடத்திலேயே சுழலுமே தவிர ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. வெள்ளைக்கு எதிரே எப்போதும் மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. மிச்சமுள்ள 20 கட்டைகளில் இரண்டு நிறம் கொண்ட விளிம்புக்கட்டைகள் 12, மூன்று நிறம் கொண்ட மூலைக்கட்டைகள் 8. வெள்ளை, சிவப்பு, நீலம் மூன்றும் உள்ள மூலைக்கட்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது போய்ச் சேரவேண்டிய இடமும் அந்த மூன்று நடுக்கட்டைகளும் சந்திக்கும் ஒரே மூலைதான். முகவரியைத் தன் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் உறை அது. இத்தனை ஆண்டு தபால் பிரித்த நான், உறையில் எழுதியிருக்கும் ஊரைப் படிக்காமல் உறையின் நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வாரம் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். தங்கள் குறிப்பில் இந்த நடுக்கட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதல் குறை.

அடுத்தது, சேர்த்ததைக் கலைக்க வேண்டியிருக்கிறதே என்ற பயம். ஒரு முகத்தை முடித்த பிள்ளை அதைத் தொடவே அஞ்சும். எங்கள் கரையில் கிழிந்த வலையைப் பொத்த உட்காருபவர், கிழிசலைச் சுற்றியுள்ள நல்ல கண்ணிகள் சிலவற்றையும் அறுத்து ஒழுங்குபடுத்திய பிறகுதான் ஊசியை ஓட்டத் தொடங்குவார் என்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். க்யூபிலும் அதுதான் நடக்கிறது. முடித்த வெள்ளை அடுக்கைக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு மூலைக்கட்டை மட்டும் மேலே முன்பக்க வலது மூலையில் தன் வெள்ளையை வலப்பக்கம் காட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் இடம் நேர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கத்தை ஒருமுறை மேலே ஏற்றினால், நம் மூலைக்கட்டை பின்னால் ஒதுங்கி, கீழே அதன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கட்டை மேலே வருகிறது. முடித்த அடுக்கு உடைகிறது. மேல் அடுக்கை இடப்பக்கமாகத் தள்ளினால் அந்த வேண்டாத கட்டை விலகி நம் மூலைக்கட்டை அந்த இடத்தில் வந்து நிற்கிறது. வலது பக்கத்தை இறக்கினால் உடைந்த அடுக்கும் கூடுகிறது, மூலையும் தன் இடத்தில் அமர்கிறது. மூன்றே அசைவு. இதை ஒரு பிள்ளைக்கு மெதுவாக ஒருமுறை செய்து காட்டிவிட்டால், எழுதிவைக்காமலேயே ஆயுளுக்கும் மறக்காது. வெறும் எழுத்தாகக் கொடுத்தால் மறுநாள் மறந்துவிடும்.

எழுத்து என்றதும் குறியீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலகம் முழுவதும் வழங்கும் குறியீடு, லண்டனில் கணிதம் கற்பித்த டேவிட் சிங்மாஸ்டர் வகுத்தது. வலம், இடம், மேல், கீழ், முன், பின் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஆறு முகங்களின் பெயர்கள். எழுத்து மட்டும் இருந்தால் அந்த முகத்தைக் கடிகார முள்ளின் திசையில் கால் சுற்று, எழுத்தின் பக்கத்தில் மேலே ஒரு சிறு கோடு இருந்தால் எதிர்த்திசையில் கால் சுற்று. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கடிகாரத் திசை என்பது எங்கே நின்று பார்த்தால் என்ற கேள்விக்கு விடை, அந்தந்த முகத்துக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் என்பது. முன்னால் இருந்து பார்க்கும் பிள்ளை பின் முகத்தையும் இடது முகத்தையும் கீழ் முகத்தையும் தலைகீழாகத்தான் திருப்பும். எங்கள் தெரு நான்கு பேரும் தங்கள் குறிப்பின் மூன்றாவது சூத்திரத்தில் இடறி விழுந்தது இதனால்தான். இடது முகத்தைக் கடிகாரத் திசையில் திருப்பச் சொல்கிறீர்கள், பிள்ளைகள் அதைத் தங்கள் பக்கமிருந்து பார்த்து எதிர்த்திசையில் திருப்புகிறார்கள், யார் தவறு என்பது யாருக்கும் தெரிவதில்லை.

நாங்கள் தெருவில் வேறு வார்த்தைகள் வைத்துக்கொண்டோம். வலது பக்கம் மேலே போனால் ஏற்று, கீழே வந்தால் இறக்கு. மேல் அடுக்கு நமக்கு முன்னால் வலமிருந்து இடமாகப் போனால் தள்ளு, இடமிருந்து வலமாக வந்தால் இழு. இந்த நான்கு சொல்லும் படகுத்துறையில் நாள் முழுக்கக் காதில் விழும் சொற்கள் என்பதால் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஏற்று, தள்ளு, இறக்கு, இழு: இந்த நான்கையும் இதே வரிசையில் முடித்த க்யூபில் செய்தால் நிறங்கள் கலைகின்றன. மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டே போனால், மூன்றாவது சுற்று முடியும்போது விளிம்புக்கட்டைகள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவந்து நான்கு மூலைகள் மட்டும் இடம் மாறி நிற்கும்; ஆறாவது சுற்று முடியும்போது ஒன்றும் நடக்காததுபோல் க்யூப் முழுமையாகச் சேர்ந்துவிடும். வாசகர்கள் செய்து பார்க்கலாம். எங்கள் தெருவில் முதல்முறை இதைக் காட்டியபோது, வலை பார்த்துக்கொண்டிருந்த ஆள்கள்கூட ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பு முடித்தவள். தகப்பனார் விசைப்படகில் போகிறவர். எங்கள் பகுதியில் நடந்த ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பில், கையிருப்பில் மிச்சமிருந்த பணத்தைக் கட்டி அவளைச் சேர்த்தார்கள். வகுப்பில் சூத்திரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட, இவள் மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டத்தில் நின்றுபோனாள். அந்தக் கட்டம் எப்படி என்றால், மேல் அடுக்கின் மூலைகள் தத்தம் இடத்தில் இருந்தும் மஞ்சள் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஒவ்வொரு மூலையையும் வலது முன் மூலைக்குக் கொண்டுவந்து, வலது பக்கத்தை இறக்கு, கீழ் அடுக்கைத் தள்ளு, வலது பக்கத்தை ஏற்று, கீழ் அடுக்கை இழு என்ற நான்கு அசைவை, மஞ்சள் மேலே வரும்வரை இரண்டு முறையோ நான்கு முறையோ செய்ய வேண்டும். செய்துகொண்டிருக்கும்போது கீழ் அடுக்குகள் கலைந்து பயமுறுத்தும். கடைசி மூலை திரும்பியதும் அவை தாமாகக் கூடிவிடும். இவளுக்கு மட்டும் கூடவில்லை. அசைவை எங்கோ தவறவிடுகிறாய் என்றார் பயிற்றுநர். பத்து நாளுக்குப் பிறகு வேறொன்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு மண்டையில ஏறாதுன்னு சார் சொல்லிட்டாரு தாத்தா."

அவளை என் கண்முன்னால் செய்யச் சொன்னேன். நான்கு அசைவு ஒருமுறை முடிந்ததும் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடச் சொன்னேன். முதல் மூலைக்கு இரண்டு கோடு, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு. விரல் ஒருமுறைகூடப் பிசகவில்லை. மேலே நான்கு மூலையும் மஞ்சளாகிவிட்டன, அடியில் சில கட்டைகள் கலைந்தே நின்றன. தரையில் எட்டுக் கோடுகள். ஆறு சுற்றில் பழைய நிலைக்குத் திரும்பும் அசைவு அது என்பதால், சரியாக இருக்கும் க்யூபில் மொத்தக் கோடுகள் ஆறாகவோ பன்னிரண்டாகவோதான் இருக்க முடியும்; எட்டு வரவே வராது. "என்ன தாயி, இது கீழே விழுந்துச்சா?" என்று கேட்டேன். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் மொட்டைமாடிப் படியில் உருண்டு கட்டைகள் தெறித்துவிட்டதாகவும், அண்ணன் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்ததாகவும் சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். மேல் அடுக்கைப் பாதி திருப்பி, ஒரு விளிம்புக்கட்டையைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்து, எல்லாவற்றையும் கழற்றி நிறம் பார்த்துச் சேர்த்தோம். பிறகு நானே கலைத்துக் கொடுத்தேன். அன்று மாலை தரையில் ஆறு கோடு விழுந்தது, க்யூப் முழுமையாகக் கூடியது. அவள் கேட்டது, "அப்ப என் மேல தப்பு இல்லையா?" என்பதைத்தான்.

கழன்று விழுந்த க்யூபை நிறம் பார்க்காமல் கைக்கு வந்தபடி சேர்த்தால், அது திருப்பி முடிக்கக்கூடிய க்யூபாக அமையும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றுதான். ஒவ்வொரு மூலையும் கடிகாரத் திசையில் எத்தனை படி திரும்பி நிற்கிறது என்பதை எல்லாம் கூட்டினால் மூன்றால் வகுபட வேண்டும், அது மூன்றில் ஒரு வாய்ப்பு, புரண்டு நிற்கும் விளிம்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அது இரண்டில் ஒன்று, இரண்டே கட்டைகள் மட்டும் தங்களுக்குள் இடம் மாறி நிற்பது கூடாது, அதுவும் இரண்டில் ஒன்று, பெருக்கினால் பன்னிரண்டு. மீதிப் பதினொன்றிலும் உலகத்தில் எந்தச் சூத்திரமும் பலிக்காது. கழன்று விழ வேண்டும் என்றுகூட இல்லை. விலை குறைந்த, தளர்ந்த க்யூபை வேகமாகத் திருப்பும்போது ஒரு மூலைக்கட்டை தானாகவே திரும்பிக்கொள்வதும் உண்டு. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முன்வரும் ஒருவருக்கு, கையில் இருக்கும் பொருள் முடிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவு வேண்டாமா? சூத்திரத்தை மட்டும் அறிந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது. எழாததால் பழி பிள்ளையின் மண்டைமேல் விழுகிறது.

சூத்திரமே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜெசிகா ஃப்ரிட்ரிச்சின் பெயரால் அறியப்படும் விரைவு முறையில், கடைசி அடுக்குக்கு மட்டும் 57-உம் 21-உமாக 78 சூத்திரங்கள் உண்டு. போட்டிக்குப் போகிற பிள்ளைகள் அவற்றை விரலுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். 2023-இல் அமெரிக்காவின் மாக்ஸ் பார்க் 3.13 நொடியில் ஒரு க்யூபை முடித்தது அந்த உழைப்பின் பயன். அதே முறையில்கூட முதல் இரண்டு அடுக்குகளைப் பெரும்பாலும் கட்டைகளின் போக்கைக் கண்ணால் பார்த்துத்தான் நகர்த்துகிறார்கள். எந்தக் கலைந்த நிலையையும் 20 திருப்பங்களுக்குள் முடித்துவிடலாம் என்று 2010-இல் கணினிகளைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். நாங்கள் திண்ணையில் செய்யும் அடுக்கு முறைக்கு நூறு திருப்பங்களுக்கு மேல் ஆகிறது. ஆகட்டும். எங்களுக்கு யாரோடும் போட்டி இல்லை.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய இரண்டு சங்கதிகளையும் தொடரில் சேர்க்கலாம். மணலில் வைத்து விளையாடினால் மணல் உள்ளே போய் நறநறக்கும். உப்புக்காற்றில் நடுக்கட்டைக்குள் இருக்கும் திருகாணியும் சுருள்கம்பியும் துருப்பிடிக்கும். இறுகிய க்யூபுக்கு நான் தேங்காயெண்ணெய் விட்டுக் கெடுத்தேன். இரண்டு நாள் வழுக்கியது, மூன்றாம் நாள் தூசியெல்லாம் சேர்ந்து பிசினாகிவிட்டது. மற்றொன்று வெளிச்சம். துறையில் எரியும் மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். தவறாகத் திருப்பிவிட்டோமோ என்று பிள்ளை குழம்பும். பகலில் உட்காருவதே நல்லது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். சிறுவர் இணைப்பில் குறுக்கெழுத்துக்கும் எண் புதிருக்கும் வாரந்தோறும் இடம் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு காற்பக்கத்தை எட்டு வாரங்களுக்குக் க்யூபுக்கு ஒதுக்குங்கள். முதல் வாரம் ஒரு திருப்பம்கூடச் சொல்லித்தர வேண்டாம். நடுக்கட்டை, விளிம்பு, மூலை மூன்றையும் காட்டி, ஒவ்வொரு கட்டைக்கும் அதன் இடம் எது என்று கண்டுபிடிக்க மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் வெள்ளைச் சிலுவை, அதாவது வெள்ளை நடுக்கட்டையைச் சுற்றி நான்கு வெள்ளை விளிம்புகள், பக்க நடுக்கட்டைகளோடு நிறம் பொருந்தும்படி. அடுத்தடுத்த வாரங்களில் அடுக்கடுக்காகப் போகலாம். அசைவுகளைத் தமிழ்ச் சொற்களில் கொடுத்து, பின்னாளில் உலகக் குறியீட்டைப் படிக்கும்போது திணறாதபடி அதையும் எட்டாவது வாரத்தில் அறிமுகப்படுத்தலாம். முடியவில்லை என்று எழுதும் பிள்ளைகளுக்கு, க்யூபைக் கழற்றிச் சேர்த்துப் பார்க்கும் விதத்தை ஒரு வாரம் படத்தோடு போட்டே ஆக வேண்டும். மற்ற எதை விட்டாலும் அதை விடக் கூடாது.

தங்களுக்கு உதவியாக இருக்கும் என்று நாங்கள் எழுதிவைத்திருக்கும் பதினான்கு பக்கக் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து என்னுடையது, படங்கள் அந்தச் சிறுமி வரைந்தவை. ஒன்பதாம் பக்கம் வரும்போது ஆரஞ்சு வண்ணப் பென்சில் தீர்ந்துவிட்டதால், அதற்குப் பிறகு வரும் படங்களில் ஆரஞ்சு இருக்கவேண்டிய கட்டங்களில் ஆ என்று எழுதியிருக்கிறாள். அச்சிடும்போது அவற்றை நிறமாக்கிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.